இருநூற்றுப் பதினான்கு ஃபைலும் இரண்டே தலைப்பும்

மெல்பினிடம் இரண்டு ரகசியங்கள் இருந்தன. ஒன்று, அவனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. இரண்டு, அது அவன் மனைவி லிஜிக்குத் தெரியாது. முதலாவது உண்மை. இரண்டாவது அவனுடைய நம்பிக்கை.

பேச்சில் குறையே இல்லை. கொல்லங்கோட்டில் பிறந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், லிஜியைக் கட்டி பாறசாலைப் பக்கம் வீடெடுத்து நாலு வருஷம் ஆகிறது. மீன்காரியிடம் விலை பேசுவதும் ஆட்டோக்காரரிடம் முறைத்துக்கொள்வதும் மலையாளத்திலேயே நடக்கும். எழுத்தைப் பார்த்தால்தான், யாரோ நூல்கண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து போன மாதிரி இருக்கும். ஒருமுறை மாமியாருக்குச் சேலை எடுக்க பாலராமபுரத்துக்கு என்று நினைத்து வேறு பஸ்ஸில் ஏறியவன், ஆரியங்கோட்டில் இறங்கி, கொஞ்சநேரம் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து, "கடையெல்லாம் அடைச்சுக் கிடக்கு" என்றான். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து உதட்டை அசைப்பான். பக்கம் புரட்ட வேண்டிய நேரத்தை முன்வரிசைக்காரரின் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். நாலு வருஷமாக யாரும் பிடிக்கவில்லை. அப்படித்தான் அவன் நினைத்திருந்தான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், லிஜி இடுப்பில் ஏழு மாசக் குழந்தை ஆன், கையில் டேப்லெட் என்று வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. நான் எழுதுற ஆப்பை மாசக் கடைசியோட மூடப்போறாவளாம். மெயில் வந்திருக்கு."

"மூடட்டும். வேற ஆப் போட்டுத் தாறேன்."

"அப்பம் இதுவரைக்கும் எழுதினது?"

ஆன் பிறந்த நாளிலிருந்து தினம் ஒரு பக்கம் அவள் எழுதுகிறாள் என்பது மெல்பினுக்குத் தெரியும். நெய்யாற்றின்கரை கான்வென்டில் பழகிய அழகான, உருண்டை உருண்டையான மலையாள எழுத்து. என்ன எழுதுகிறாள் என்பதுதான் தெரியாது.

"கான்வென்ட்ல சிஸ்டர் பவுலா பழைய பிள்ளைகளுக்குன்னு ஒரு வெப்சைட் நடத்துகாவ. எனக்க எழுத்துல ரெண்டு பக்கம் அனுப்பினேன். மிச்சத்தையும் தா, போடலாம், பிள்ளை பெத்தவளுவ எல்லாரும் வாசிக்கட்டும்னு சொல்லிட்டாவ. மார்க்டவுன்ல வேணுமாம். என்னவாக்கும் அது?"

மெல்பின் நிமிர்ந்து உட்கார்ந்தான். திருவனந்தபுரத்துக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற கம்ப்யூட்டர்காரன். அவன் தொழிலைப் பற்றி இந்த வீட்டில் ஒருவர் ஒரு கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

"அது ஒரு தத்துவமாக்கும், லிஜி! எழுத்துக்கு நகை வேண்டாம், பவுடர் வேண்டாம், பட்டுச்சேலை வேண்டாம். வெறும் எழுத்து. தலைப்புன்னா முன்னால வேலி மாதிரி ஒரு குறி. அழுத்திச் சொல்லணும்னா ரெண்டு பக்கமும் நட்சத்திரம். அம்புட்டுதான். நூறு வருஷம் கழிச்சு எந்த மிஷின்ல போட்டாலும் திறக்கும்."

"அப்பம் சும்மா எழுத்துதானே? ஒவ்வொண்ணா காப்பி எடுத்து ஒட்டினா மதியே, போதாதா?"

"இருநூத்திப் பதினாலையுமா! பின்ன நான் எதுக்கு இருக்கேன்?" மெல்பின் எழுந்தே நின்றுவிட்டான். "ஒரு ஸ்கிரிப்ட் எழுதுதேன். கறுப்புத் திரை. ஒரு வரி அடிப்பேன். ஒரு தட்டு. இந்தப் பக்கம் உன் ஆப் ஃபைல் உள்ள போகும், அந்தப் பக்கம் மார்க்டவுன் வெளிய வரும். நீ கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள முடிஞ்சிரும்."

"செரி. ஆனா ஒண்ணு உண்டு." லிஜி டேப்லெட்டை நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை. "மாத்தலாம். வாசிக்கப்படாது."

"ஆன் தலையில கைவெச்சு..."

"சத்தியம் பண்ணப்படாது, பாவம். வாக்குத் தாருங்க, மதி."

"வாக்கு!" என்றான் மெல்பின். அந்த வாக்கைக் கொடுக்க அவனுக்குச் சிரமமே இல்லை. வாசிக்கத் தெரிந்தால்தானே?

சிரமம் சாயங்காலம்தான் ஆரம்பித்தது.

மூன்று மாசம் முன்னால் ஒரு நாள் லிஜி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தவளிடம் கேட்டதற்கு, "சோப்பு கண்ணுல பட்டு" என்றாள். சோப்பு தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு முதல் அவள் பேச்சில் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. சோறு போடுவாள், சிரிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் கேட்காததைச் சொல்வதில்லை. முன்பெல்லாம் கேட்காததைத்தான் அதிகம் சொல்வாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று மெல்பின் எல்லா விதத்திலும் யோசித்துப் பார்த்துவிட்டான். பதில் இந்த இருநூற்றுப் பதினாலு பக்கத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. இப்போது அது அவன் மடியிலேயே இருக்கிறது. வாசிக்கக் கூடாது என்று வாக்கு. வாசிக்கவும் தெரியாது. ஒரு மனிதனுக்கு இரண்டு பூட்டு.

திங்கட்கிழமை ஸ்கிரிப்டை எழுதி முடித்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தான். தட்டினான். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"எத்தனை வந்திருக்கு?"

மெல்பின் திரையைப் பார்த்தான். உள்ளே போனது இருநூற்றுப் பதினாலு. வெளியே வந்தது இரண்டு.

"ரெண்டு..." என்று வாய் தவறி வந்துவிட்டது. "ரெண்டு நாள்ல வந்திரும்!"

இருநூற்றுப் பன்னிரண்டு நாளையும் ஒரே தட்டில் விழுங்கிவிட்டோம் என்று அடுக்களைப் பக்கம் திருட்டுத்தனமாகப் பார்த்தான். நல்ல வேளை, வேலையைத் தொடங்குமுன் ஒரு நகல் எடுத்துவைத்திருந்தான். திறந்து பார்த்தான். எல்லாம் பத்திரமாக இருந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. லிஜி எல்லாப் பக்கத்துக்கும் மாற்றி மாற்றி இரண்டே தலைப்புதான் வைத்திருந்தாள். ஸ்கிரிப்ட் தலைப்பையே ஃபைலுக்குப் பெயராக வைக்கும். ஒரே பெயரில் அடுத்தது வந்தால் முன்னதின் தலைமேல் ஏறி உட்காரும். கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நம்பர் போட்டான். இருநூற்றுப் பதினாலும் வந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. எழுத்து சரியாக வந்ததா, உடைந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவனுக்கு எல்லாம் நூல்கண்டுதானே. அதனால் ஸ்கிரிப்டுக்கு ஒரு காவல் போட்டான்: இந்த இரண்டு தலைப்பும் அப்படியே, புள்ளி மாறாமல் இருந்தால் உள்ளே விடு. வேறு எது வந்தாலும் அந்த இடத்திலேயே நில். நிற்கும்போது காட்டுவதற்கு ஒரு எச்சரிக்கையும் தன் கைப்படவே எழுதிவைத்தான். தன் வீட்டுக்கு எழுதும் புரோகிராம், கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று.

அன்றே சிஸ்டருக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. "டெஸ்டிங் உண்டு" என்றான். செவ்வாயும் டெஸ்டிங். புதனும் டெஸ்டிங். டேப்லெட் அவனிடம் மாட்டிக்கொண்டதால் லிஜி அந்த வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டால், "நீங்க செய்யுங்க, எனக்கு அவசரமில்ல" என்று புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையை அவன் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவன் மனசு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. வாக்கு கொடுத்தது மெல்பின். மெஷின் கொடுக்கவில்லையே? லிஜி அழுத நாளை எண்ணிப் பார்த்து, அதை ஒட்டிய ஒரு பக்கத்தை எடுத்து மொழிபெயர்க்கிற தளத்தில் ஒட்டினான். அது கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இப்படித் துப்பியது: 'இன்று பால் மந்திரி ஏறினார். மந்திரி நீலம். தலைகீழ் பிடித்து முதுகில் கொட்டு. இயேசுவே நான்காவது.'

மெல்பின் மூன்று முறை வாசித்தான். நீல மந்திரி யார்? எதற்காக லிஜி அவரைத் தலைகீழாகப் பிடிக்கிறாள்?

சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது குறுக்குவழி கிடைத்தது. தலைப்பை வாசிப்பது வாசிப்பு ஆகாது. அது வெறும் தொழில்நுட்பம். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். அங்கே விஜயம்மா டீச்சர். முப்பது வருஷம் மலையாளம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். வராந்தாவில் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தார்.

"வா மோனே, இரி. சாயா எடுக்கட்டா?"

"வேண்டாம் டீச்சரே. ஒரு டெக்னிக்கல் டவுட்."

"மலையாளம் டீச்சர்கிட்டயா?"

"ரெண்டு தலைப்பு மட்டும் வாசிச்சுச் சொன்னா மதி. உள்ள வாசிக்கப்படாது. லிஜிக்கு வாக்குத் தந்திருக்கேன்."

"ஏன், உனக்கு வாசிக்கத் தெரியும்லா? கோயில்ல நீ நல்லா பாடுவியாம்னு கேள்வி."

"கண்ணு கொஞ்சம்... ஸ்கிரீன் பாத்துப் பாத்து..."

"பாவம்," என்றார் டீச்சர். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். திரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "மோனே, இது மலையாளமில்லியே."

"என்னது?"

"எழுத்துதான் மலையாளம். பேச்சு தமிழாக்கும். சுத்தமான நம்ம ஊருத் தமிழு. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதியும் இப்படித்தான் எழுதும். நாக்கு ஒண்ணு, விரல் வேற."

மெல்பின் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாளும் அவனால் வாசிக்க முடியாமல் இருந்தது அவனுடைய சொந்தப் பேச்சைத்தானா?

"தலைப்பு?"

"இது 'உறங்கினா.' இது 'உறங்கல.' உங்க ஆன் மோளைப் பத்தியாக்கும்."

மெல்பின் கறுப்புத் திரையில் எண்ணச் சொன்னான். உறங்கினா, நாற்பத்தொன்று. உறங்கல, நூற்றெழுபத்து மூன்று. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணச் சொன்னான்; அதேதான்.

"அது போட்டும்," என்றார் டீச்சர், "ஒவ்வொண்ணுலயும் கடைசி வரி ஒண்ணுபோல இருக்கே. பாத்தியா?"

மெல்பினுக்குத் தொழில் வேகம் வந்துவிட்டது. அந்த வரியை எடுத்தான், எல்லா ஃபைலிலும் தேடச் சொன்னான், தட்டினான். இருநூற்றுப் பதினாலு! ஒன்றுகூடக் குறையவில்லை.

"டீச்சரே, எல்லாத்துலயும் உண்டு! யாரைப் பத்தியாக்கும்?"

"உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தியா! இருநூத்திப் பதினாலு தடவையா!" அவன் முகம் பெருநாள் கொடிபோல விரிந்தது. "அப்பம் எனக்க மேல கோபமில்ல. சொல்லுங்க டீச்சரே, என்ன எழுதியிருக்கா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"'இவரு நல்ல உறக்கம்.'"

கொடி இறங்கிவிட்டது.

"செரி, நூத்திப் பன்னெண்டாவதை எடு," என்றார் டீச்சர்.

"வாக்குத் தந்திருக்கேன் டீச்சரே."

"நீ வாசிக்கமாட்டேன்னுதானே தந்த? கேக்கமாட்டேன்னு தந்தியா?"

அவன் எடுத்தான். டீச்சர் வாசித்தார். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரல் இல்லை, வேறு குரல்.

"'இன்னைக்குப் பால் குடிக்கும்போ ஆனுக்குப் புரையேறிச்சு. முகம் நீலமாச்சு. சத்தமே இல்ல. தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. இயேசுவேன்னு கூப்பிட்டேன். நாலாவது தட்டுல அழுதா. இவ அழுகை இவ்வளவு இனிப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாது. இவரு அடுத்த முறியில கதவடைச்சு மீட்டிங்ல இருக்காரு, காதுல ஹெட்போன். கதவைத் தள்ளிச் சொல்லணும்னு போனேன். சொல்லல. சொன்னா இவரு அதுக்கு ஒரு புரோகிராம் எழுதுவாரு. எனக்கு புரோகிராம் வேண்டாம். எனக்க கூட இருந்து பயப்பட ஒரு ஆளு இருந்தா மதி. இனி ராத்திரியெல்லாம் இவ நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்துட்டு இருக்கணும். உறங்கினாலும் பயம், உறங்காட்டாலும் பயம். இவரு நல்ல உறக்கம்.'"

நீல மந்திரி யார் என்று மெல்பினுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"இந்தப் பக்கத்தைத்தான் மறுநாள் உன்கிட்ட கொண்டு வந்து காட்டியிருக்கா," என்றார் டீச்சர். "வாயால சொல்ல முடியாததை எழுதிக் காட்டினா. நீ என்ன சொன்ன, ஓர்மை உண்டா?"

ஓர்மை உண்டு. டேப்லெட்டை நீட்டினாள். அவன் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினான், நடுவில் ஒருமுறை தலையை ஆட்டினான். பிறகு சிரித்துக்கொண்டே, "கொள்ளாம்டி, நல்ல தமாஷா எழுதியிருக்க" என்றான். அன்றுதான் குழாய் திறந்தது. அன்றுதான் சோப்பு.

"டீச்சரே," என்றான் மெல்பின், தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது."

"அது பாறசாலை முழுக்கத் தெரியும் மக்கா. ஒரு நாளு கோயில்ல புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தியாம். அதையும் நல்ல பக்தியா."

"லிஜிக்குமா?"

"அவளுக்கு அந்தத் தமாஷுலயே தெரிஞ்சுபோச்சு. அழுதுட்டு, ஆளு வாசிக்கவே இல்லன்னு தெரிஞ்ச பிறகு கொஞ்சம் சமாதானம். அப்புறமும் எத்தனை தடவை நீட்டினா? நீ ஞாயிறு பாக்கலாம், ஞாயிறு பாக்கலாம்னு நழுவின. வாயால சொல்ல அவளுக்கும் வரல. போன ஞாயிறு இங்க வந்து, 'வாசிங்கன்னா வாசிக்காத ஆளு டீச்சரே, இந்தத் தடவை வாசிக்காதீங்கன்னு சொல்லிட்டேன், எப்படியும் உங்ககிட்ட வருவாரு, நூத்திப் பன்னெண்டை வாசிச்சுக் குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனா. நீ புதன்கிழமையே வந்திருவேன்னு நெனச்சு உனக்கு அடையெல்லாம் சுட்டுவெச்சேன். நீ வரல. நானே தின்னேன்."

வழியனுப்பும்போது டீச்சர் உள்ளே போய் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றாம் வகுப்பு மலையாளம். அட்டையில் மையினால் ஏதோ உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது.

"என்னவாக்கும் எழுதியிருக்கு?"

"உன் பேரு. லிஜி எழுத்து."

வீட்டில் லிஜி, ஏத்தன் வாழைக்காய்ப் பொடி காய்ச்சிய கஞ்சியை ஆனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆனின் காதுவரை ஏத்தங்காய்.

"டவுட்டு தீந்துதா?" என்றாள், திரும்பாமலே.

மெல்பின் வழிநெடுக ஒரு பேச்சுத் தயாரித்திருந்தான். மன்னிப்பு, விளக்கம், இனிமேல் என்று மூன்று பாகம். அதைத் தொடங்க வாயெடுத்தான். குழந்தையின் வாயருகே கரண்டி போவதைப் பார்த்தான். தொண்டை விழுங்குவதைப் பார்த்தான். அடுத்த கரண்டி போயிற்று. அதையும் பார்த்தான்.

"லிஜி," என்றான், "எனக்குப் பயமா இருக்கு."

லிஜி திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. உண்மையாகவே உதடு வெளுத்திருந்தது. மூன்று மாசமாகச் சாத்தியிருந்த ஏதோ ஒன்று அவள் முகத்தில் திறந்தது. அழப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் ஆனின் முகத்தைத் துடைத்து, குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

"இந்தா பிடிங்க. நல்லா பயப்படுங்க. நான் போய் உறங்கட்டு."

போனாள். கட்டிலில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்சநேரத்தில் ஆனும் உறங்கிவிட்டாள். தொட்டிலில் கிடத்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. அடுத்தது வர ஒரு நொடி தாமதமானால் அவன் நெஞ்சு நின்றது. ஒரு கேமரா, ஒரு சென்சார், ஒரு அலாரம் என்று மூளை கோடு போட ஆரம்பித்தது. சட்டென்று தன் கையைத் தானே ஒன்று அடித்துக்கொண்டான். மேனேஜர் கூப்பிட்டார். ஃபோனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினான். நடுவில் ஆன் ஒருமுறை பெருமூச்சு விட்டாள். மெல்பின் ஸ்டூலோடு கவிழ்ந்தான். இதையா இவள் மூன்று மாசமாக ராத்திரிதோறும் ஒற்றைக்கு உட்கார்ந்து பார்த்தாள்?

லிஜி எழுந்து வந்தபோது மணி ஐந்து தாண்டியிருந்தது. மூன்று மணி நேரம். கண்ணெல்லாம் வீங்கி, தலைமயிர் ஒருபக்கம் எழும்பி, கல்யாணத்தன்று இருந்ததைவிட அழகாக இருந்தாள். மெல்பின் ஒரு கண்ணைத் தொட்டிலிலும் ஒரு கண்ணை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலும் வைத்திருந்தான். இரண்டாவது பக்கம்.

"வாசிக்கமாட்டேன்னு வாக்குத் தந்திய."

"வாசிக்கல. நான் வாசிச்சா உனக்குத் தெரியாதா?"

"அதுவும் செரிதான்," என்று லிஜி டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் விரல் ஓடியது. "ஒரு பக்கம் கூடி உண்டு. இதையும் சேத்து சிஸ்டருக்கு அனுப்பிருங்க."

மெல்பின் லேப்டாப்பைத் திறந்தான். கறுப்புத் திரை. ஒரு வரி. ஒரு தட்டு. இருநூற்றுப் பதினாலும் வரிசையாக ஓடின. இருநூற்றுப் பதினைந்தாவதில் சடக்கென்று நின்றுவிட்டது. புதுத் தலைப்பு. எழுத்து உடைந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தான். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டினான். சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு.

"இ... வ... ரு. இவரு! உ... ற... உறங்... உறங்கல. 'இவரு உறங்கல'!" துள்ளி எழுந்தான். "லிஜி! வாசிச்சிட்டேன்! எனக்க ஆயுசுல முதல் தடவையா வாசிச்சிட்டேன்! எழுத்து உடையல, செரியா இருக்கு!"

"பின்ன ஏன் நின்னுபோச்சு?" லிஜி எட்டிப் பார்த்தாள்.

திரையில், மெல்பின் தன் கைப்பட எழுதிவைத்த எச்சரிக்கை சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது: 'நில்! இப்படி ஒரு தலைப்பு இந்த வீட்டில் கிடையாது!'

மெல்பின் தமிழில் இருந்த அதை வாசித்துக்காட்ட, லிஜி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஸ்கிரிப்ட்டைக் குத்தம் சொல்லாதீங்க," என்றாள். "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கிடையாதுதானே."